தெருவுக்கு ஒரு செய்தி சொல்ல எது நல்லது: வாட்ஸ்அப்பா, மெயிலா, மைக்கா?

உப்பலவாடிச் செயலர் (ஞாயிறு, இரவு 9.10)

கடலூர் உப்பலவாடிப் பக்கம் எங்கள் நகர் நலச் சங்கத்துக்கு என்னைச் செயலராகப் போட்டு மூன்று வருடம் ஆகிறது. வேறு யாரும் நிற்கவில்லை என்பதால் போட்டார்கள், பெருமைப்பட ஒன்றும் இல்லை. 140 வீடு. வாட்ஸ்அப் குழுவில் 230 பேர்.

2024 டிசம்பர் 2 விடிகாலையை இந்தப் பக்கத்து ஆட்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தாயிற்று, மழையும் விட்டது என்று நிம்மதியாகப் படுத்தோம். சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்துகொண்டிருந்தது. கடைசித் தெருக்காரர் மூன்றரை மணிக்குக் குழுவில் எழுதினார்: "தண்ணி ஏறுது, வண்டியை எடுங்க." அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஐந்தரைக்கு நான் எழுந்து பார்க்கும்போது அதற்குக் கீழே 160 செய்தி. விழுப்புரத்து வெள்ள வீடியோ, மெழுகுவர்த்தி, கைகூப்பு, "பத்திரம் பத்திரம்", அணை உடைந்துவிட்டது என்று ஒரு புளுகு, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு ஒரு சண்டை. அந்த ஒரு வரி எங்கோ மேலே போய்விட்டது. என்னுடையதையும் சேர்த்துப் பதினோரு வண்டி முழுகின.

அடுத்த மழைக்கு முன் பொதுக்குழு கூடுகிறது. ஒருவர் டெலிகிராம் என்கிறார், ஒருவர் மெயில் என்கிறார், ஒருவர் மாதம் ஒரு ஜூம் கூட்டம் என்கிறார் (அவர் ஆறு மாதம் அமெரிக்காவில் மகன் வீட்டில் இருப்பவர்). உங்கள் வீட்டில், வேலையில் எது உருப்படியாக உதவியது, எது காலை வாரியது? அனுபவம் இருந்தால் சொல்லுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன் (ஞாயிறு, இரவு 9.48)

அண்ணே, இது ஆப்பின் குற்றமில்லை. அரட்டைக்கும் அறிவிப்புக்கும் ஒரே வாய்க்காலை வெட்டிவிட்டு, வெள்ளம் கலங்கலாக வருகிறது என்றால் எப்படி? அட்மின் மட்டும் எழுதும்படி ஒரு தனிக்குழு வையுங்கள், முடிந்தது.

2014 கடைசியில் வாட்ஸ்அப் குழுவில் 100 பேர்தான் இருக்க முடியும். 2016-ல் 256 ஆனது. 2022-ல் 512, அதே வருடத்தில் 1024. நூறு பேர் இருந்தபோது தெருத் திண்ணை மாதிரி இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. சந்தைக்கு நடுவில் நின்று "ஐயா, தண்ணீர் வருகிறது" என்றால் யார் காதில் விழும்?

ஓய்வுபெற்ற தபால்காரர் (ஞாயிறு, இரவு 10.20)

மெயிலுக்கு ஆதரவாக நான் ஒருவனாவது பேசுகிறேன்.

எங்கள் தெரு வடிகாலுக்கு நாலு வருடம் அலைந்தோம். முதல் இரண்டு வருடம் எல்லாம் வாட்ஸ்அப்பில். சம்பந்தப்பட்டவருக்கு போட்டோ அனுப்புவோம், அவர் கட்டைவிரல் காட்டுவார். ஆள் மாறினார், எங்கள் தலைவர் போனை மாற்றினார், போட்டோ எல்லாம் போயிற்று. அதற்கப்புறம் எது எழுதினாலும் மெயிலில், தலைப்பில் தேதியும் வார்டு எண்ணும் போட்டு, மூன்று பேருக்கு நகல் வைத்து அனுப்பினோம். புதிதாக வந்தவரிடம் அந்தப் பதினேழு மெயிலையும் வரிசையாக அப்படியே திருப்பி விட்டோம். "எனக்குத் தெரியாதே" என்று சொல்ல அவருக்கு வழியில்லை. வடிகால் வந்தது. பாதிதான் வந்தது, அது வேறு கதை.

மெயிலின் குறையும் தெரியும். எங்கள் தெருவில் அதைத் தினம் திறப்பவர்கள் எட்டுப் பேர் இருந்தால் அதிகம். மற்றவர்களுக்கு அது கடவுச்சொல் மறந்தால் தேடுகிற இடம்.

கேட்டுப்படிப்பவன் (ஞாயிறு, இரவு 11.02)

எனக்குப் பார்வை கிடையாது. போனில் டாக்பேக் வாசித்துக் காட்டும், நான் கேட்பேன். எது நல்லது என்ற கேள்விக்கு என் பதில் வேறு மாதிரி இருக்கும்.

எழுத்தாக வரும் செய்திதான் எனக்கு வரம். வேகத்தைக் கூட்டிவைத்து, இருநூறு செய்தியையும் பத்து நிமிடத்தில் கேட்டுவிடுவேன். ஆனால் நீங்கள் யாரும் எழுத்தாக அனுப்புவதில்லையே! மின்தடை அறிவிப்பு, பள்ளிச் சுற்றறிக்கை, கூட்ட அழைப்பு எல்லாமே படம். தாளில் அச்சடித்து, அதைப் படம்பிடித்து, அதற்கு மேல் ஒரு பூ வைத்து அனுப்புகிறீர்கள். என் போன் அதைத் தொட்டதும் "படம்" என்று மட்டும் சொல்லும். படத்தில் இருக்கும் எழுத்தைப் படிக்கத் தனி ஆப் உண்டு, தமிழ் என்றால் அது பாதி உளறும்.

இன்னொன்று, தமிழை ஆங்கில எழுத்தில் அடிப்பது. உங்கள் கண்ணுக்கு அது தமிழ்தான். என் போன் அதை ஆங்கிலம் என்று நினைத்து வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்கும். ஒரு துக்கச் செய்தியை அந்தக் குரலில் கேட்டுச் சிரித்துத் தொலைத்திருக்கிறேன்.

புலியூரக்கா (திங்கள், காலை 6.35)

தம்பி சொன்னதைப் படித்ததும் எங்கள் வீட்டுக் கதை நினைவுக்கு வந்தது. என் தம்பிக்குக் காது கேட்காது. குரல்செய்தி என்றாலே அவனுக்கு எரிச்சல். சொந்தக்காரர்கள் குழுவில் எல்லோரும் பேசி அனுப்புவார்கள், அவன் அந்த நீலக் கோடுகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான்தான் ஒவ்வொன்றையும் சைகையில் சொல்லவேண்டும்.

வீடியோ கால் வந்தபிறகு அவனுக்கு வேறு உலகம். சென்னையில் கூடப் படித்தவர்களோடு ராத்திரி பன்னிரண்டு வரை கையாலேயே பேசுகிறான். சத்தமே இல்லாமல் ஒரு வீட்டில் அவ்வளவு அரட்டை நடக்கும் என்று பார்த்தால்தான் நம்புவீர்கள். ஒரே சங்கடம், போனைச் சாய்த்துவைக்க இடம் வேண்டும், இரண்டு கையும் கட்டத்துக்குள் தெரிய வேண்டும், வெளிச்சம் வேண்டும். ஃபெஞ்சல் ராத்திரி கரண்ட் இல்லை. அவன் பேச நான் டார்ச் பிடித்தேன், அந்தப் பக்கம் அவன் நண்பனுக்கு அவன் அம்மா பிடித்திருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும் கை மாற்றி மாற்றிப் பிடித்தோம்.

பரங்கிப்பேட்டை மருமகள் (திங்கள், பிற்பகல் 2.15)

அக்கா, குரல்செய்தியை அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதீர்கள். எங்கள் குடும்பமே அதில்தான் ஓடுகிறது.

வீட்டுக்காரர் துபாயில். அங்கே வாட்ஸ்அப்பில் எழுதலாம், பேசி அனுப்பலாம், ஆனால் கால் போகாது. அந்த நாட்டில் அனுமதித்த சில ஆப்பில்தான் கால். அதனால் அவர் வேலைக்குப் போகிற பஸ்ஸில் நாலு நிமிடம் பேசி அனுப்புவார். நான் துணி காயப்போடும்போது கேட்பேன். மாமியாருக்கு எழுதப் படிக்க வராது, பட்டனை அழுத்திப் பேச வரும். மகன் குரலை ஒரு நாளைக்குப் பத்து தடவை போட்டுக் கேட்பார். எழுத்தில் இது கிடைக்காது.

ஆனால் சண்டை மட்டும் குரல்செய்தியில் போடக்கூடாது, அனுபவத்தில் சொல்கிறேன். நேரில் என்றால் நடுவில் வெட்டலாம். இதில் அவர் நாலு நிமிடம் முழுதாகப் பேசி முடிப்பார். நான் அதைக் கேட்டு முதல் விஷயத்துக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவர் மூன்றாவது செய்தியில் சமாதானமாகிவிட்டிருப்பார். என் கோபம் அதற்கப்புறம் போய்ச் சேரும். அப்புறம் அதுவே புதுச் சண்டை. ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்கலாம்தான், அதில் மாமியார் குரல் கிளி பேசுவது போல இருக்கும். சிரிப்பு வந்து கோபம் போய்விடுவதுண்டு.

வாடகை வீட்டுக்காரி (திங்கள், மாலை 7.05)

ஒரே ஒரு விஷயம் சொல்லிவிட்டுப் போகிறேன். வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தால் என் நம்பர் 230 பேர் கைக்குப் போகிறது. போன வீட்டில் குடிவந்த இரண்டாம் நாளே சேர்த்தார்கள், மூன்றாம் நாள் ராத்திரி பதினொன்றுக்குத் தெரியாத நம்பரிலிருந்து "சாப்டீங்களா". யார் என்று கடைசிவரை தெரியவில்லை. டெலிகிராமில் நம்பரை மறைத்துவைக்கலாம். செயலர் ஐயா, பொதுக்குழுவில் ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுத்தால் இது யார் நினைவுக்கும் வராது.

உப்பலவாடிச் செயலர் (திங்கள், மாலை 7.40)

உண்மை அம்மா. வரவில்லைதான். குறித்துக்கொண்டேன்.

காலாப்பட்டு கணினி (திங்கள், இரவு 8.30)

டெலிகிராம் பற்றி ஒரு திருத்தம் சேர்க்கிறேன். நம்பர் மறையும், இரண்டு லட்சம் பேர் வரை சேரலாம், புதிதாக வருபவர் பழைய செய்திகளையும் பார்க்கும்படி வைக்கலாம். ஒரு சங்கத்துக்கு இது பெரிய வசதி. ஆனால் சாதாரண டெலிகிராம் உரையாடல் வாட்ஸ்அப் மாதிரி இரு முனைக்கும் நடுவே பூட்டிய செய்தி அல்ல. அதற்கு ரகசிய அரட்டையைத் தனியாகத் திறக்க வேண்டும், குழுவுக்கு அது கிடையாது. வடிகால் பேச்சுக்கு ரகசியம் எதற்கு என்றால், சரிதான்.

பூட்டுக்கும் ஒரு விலை உண்டு. நடுவில் யாரும் பார்க்க முடியாது என்றால் புளுகையும் நடுவில் நிறுத்த முடியாது. 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் குழந்தை கடத்துகிறார் என்ற வதந்தியால் கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊரே அடித்துக் கொன்றது. அந்த வருடம் ஜூலையில்தான் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து அரட்டைக்கு மேல் தள்ளமுடியாதபடி வாட்ஸ்அப் வரம்பு வைத்தது. "அணை உடைந்தது" ஒவ்வொரு மழைக்கும் வரும். அதை அனுப்புகிறவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். அதுதான் சிக்கல்.

ஜூம் கூட்டம் வேண்டாம் என்பது என் கட்சி. நேரில் பேசும்போது ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஐந்தில் ஒரு நொடிதான் ஆகும், எந்த மொழியானாலும் ஏறக்குறைய அப்படித்தான் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். இணையத்தில் குரல் போய்ச்சேரவே கிட்டத்தட்ட அவ்வளவு நேரம் பிடித்தால்? அவர் முடித்துவிட்டார் என்று நீங்கள் ஆரம்பிப்பீர்கள், அவரும் ஆரம்பிப்பார், "நீங்க சொல்லுங்க", "இல்ல நீங்க சொல்லுங்க". பாதிக் கூட்டம் இதிலேயே போகும். மீதி "கேக்குதா"-வில் போகும்.

முத்தியால்பேட்டை (திங்கள், இரவு 9.15)

வீடியோ காலுக்கு என் பங்கு வழக்கு. பாண்டிச்சேரியில் பாதி வீட்டுக்கு இது தெரிந்திருக்கும்: பிரான்ஸ் அத்தை. ஞாயிறு மதியம் அவர்கள் எழுந்ததும் கூப்பிடுவார்கள். வெயில் காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணி வித்தியாசம், குளிர்காலத்தில் நாலரை. அந்த மாற்றத்தை வருடாவருடம் மறந்து, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது அகப்படுவோம்.

முன்பு அத்தை கடிதத்தில் "வீடு எப்படி இருக்கிறது" என்று கேட்பார், "நன்றாக இருக்கிறது" என்று எழுதிவிடுவோம். இப்போது அம்மாவுக்குப் பின்னால் இருக்கும் சுவரில் ஓதம் ஏறியதை அவரே பார்த்துவிடுகிறார். மறுநாள் கொத்தனார் நம்பர் கேட்டு நாலு செய்தி. பார்க்காமலே இருந்த காலத்தில் அத்தை நிம்மதியாக இருந்தார் என்று அப்பா சொல்வார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் (செவ்வாய், காலை 7.10)

கடிதம் என்றதும் இன்னொரு வழக்கு. என் அண்ணன் பேத்தி கல்யாணப் பத்திரிகை எங்கள் பெரியவர் ஒருவருக்கு வாட்ஸ்அப்பில் போயிற்று. வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டிய முறைக்காரர் அவர். கல்யாணத்துக்கு வரவில்லை. கேட்டதற்கு, "போனில் வந்த பத்திரிகைக்குப் போனிலேயே வாழ்த்து அனுப்பிவிட்டேனே" என்றார். அனுப்பியும் இருந்தார், ஒரு பூங்கொத்துப் படம்.

செயலருக்கு ஒன்று சொல்லவேண்டும், நேற்றிலிருந்து மனதில் ஓடுகிறது. அந்த வரி 160 செய்திக்குள் முழுகவில்லை ஐயா, தூக்கத்தில் முழுகியது. மூன்றரை மணிக்குக் குழுவில் விழித்திருந்தவர் எத்தனை பேர்? முதல் ஐந்து நிமிடம் அதற்குக் கீழே ஒரு செய்தியும் இருந்திருக்காது. அப்போதும் யாரும் பார்க்கவில்லையே. நான் தந்தி கொண்டுபோன காலத்தில் ராத்திரி தந்தி என்றால் கதவைத் தட்டுவோம், எழுந்து வந்து கையெழுத்துப் போடும்வரை நகரமாட்டோம். 2013 ஜூலையில் தந்தியை மூடினார்கள். நஷ்டம் என்பதால் மூடினார்கள், சரி. தட்டுகிற ஆள் என்ன ஆனார் என்று யாரும் கேட்கவில்லை.

வீராம்பட்டினத்தான் (செவ்வாய், காலை 11.30)

ஐயா சொன்னதற்கு எங்கள் கரையிலேயே சாட்சி இருக்கிறது.

1998-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்து புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. கம்பித் தொலைபேசியே சரியாக எட்டாத ஊர்களுக்கு ரேடியோ அலையில் தகவல் அனுப்பினார்கள். எங்கள் வீராம்பட்டினத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் வங்கக் கடலின் அலை உயரக் கணிப்பு வரும். அதை இறக்கி, தமிழில் எழுதி, ஒலிபெருக்கியில் படித்துவிடுவார்கள். வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவர் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். இணையம் ஊருக்குள் வந்தது கூம்பு வழியாகத்தான்.

2004 டிசம்பர் 26 காலை. பக்கத்து நல்லவாடு. சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் சுனாமிச் செய்தி தெரிந்து வீட்டுக்குப் போன் போட்டான். தண்ணீர் உள்ளே வருகிறது என்று வீட்டில் சொன்னார்கள், ஓடுங்கள், எல்லோரையும் ஓடச்சொல்லுங்கள் என்றான். ஆட்கள் அந்தத் தகவல் மையத்தை உடைத்துத் திறந்து மைக்கில் கத்தினார்கள். வீடு போயிற்று, படகு போயிற்று. ஊரில் இருந்த 3,600 பேருக்கு மேல், அத்தனை பேரும் பிழைத்தார்கள்.

ஒரு போன் கால், ஒரு மைக். மைக் எந்த அறையில் இருக்கிறது என்று தெரிந்த நாலு பேர். இதில் எது இணையம், எது இல்லை என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள்.

லாஸ்பேட்டைக்காரன் (செவ்வாய், மதியம் 12.05)

அண்ணே, உடம்பு சிலிர்க்கிறது, மறுக்கவில்லை. ஆனால் சுனாமி வந்தது வெயில் அடித்த காலையில். புயல் ராத்திரியில் தகரக் கூரை மேல் மழை கொட்டும்போது மைக் கேட்குமா? ஃபெஞ்சலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. எங்கள் வீட்டில் பக்கத்து அறையில் பேசியதே கேட்கவில்லை. கரண்டும் இல்லை, ஆம்ப்ளிஃபையர் எதில் ஓடும்?

காலாப்பட்டு கணினி (செவ்வாய், மதியம் 1.20)

அதற்குத்தான் எல்லோரும் மறந்துபோன எஸ்எம்எஸ். டேட்டா திணறும் இடத்திலும் சிக்னல் ஒரு கோடு இருந்தால் அது நுழைந்துவிடும். நெட் பேக் வேண்டாம், பட்டன் போனிலும் வரும்.

தமிழுக்கு மட்டும் அது கஞ்சன். ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 எழுத்து, தமிழில் 70. அந்த எழுபதிலும் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் தனித்தனிக் கணக்கு, "கு" என்றால் இரண்டு. எண்ணிப் பார்த்தேன்: "தண்ணீர் வருகிறது, வண்டியை மேட்டுக்கு ஏற்றுங்கள்." இதற்கு 48. மீதி 22-க்குள் தெருப் பெயரைத் திணிக்கலாம். மெழுகுவர்த்திக்கு இடமில்லை, நல்லதுதான்.

2023-ல் ஒருநாள் நம் போன்கள் எல்லாம் திடீரென்று அலறினவே, நினைவிருக்கிறதா? அது செல் பிராட்காஸ்ட் சோதனை. நம்பரே தேவையில்லை, ஒரு டவரின் கீழ் இருக்கிற போன்களுக்கு ஒரே வீச்சில் போகும். எழுப்பும். ஆனால் அதை அரசுதான் அனுப்ப முடியும், நலச் சங்கம் அனுப்ப முடியாது.

வீராம்பட்டினத்தான் (செவ்வாய், இரவு 8.50)

தகரக் கூரை நியாயம் ஒப்புக்கொள்கிறேன் தம்பி. கடலுக்குள் கொஞ்சதூரம் போனால் உங்கள் எஸ்எம்எஸ்ஸும் வராது, அங்கே வயர்லெஸ்தான். ஒன்றை மட்டும் நம்பி எவனும் கடலுக்குப் போவதில்லை.

உப்பலவாடிச் செயலர் (மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9.30)

பொதுக்குழு முடிந்தது. நீங்கள் எல்லோரும் சொன்னதைத் தாளில் எடுத்துப்போய்ப் படித்தேன். இரண்டு மணிநேரச் சண்டை, ஒரு வெளிநடப்பு, போண்டா.

பழைய குழு அப்படியே இருக்கும், காலை வணக்கத்தை யாராலும் நிறுத்த முடியாது. அறிவிப்புக்கு டெலிகிராமில் ஒரு சேனல், ஆறு பேர் மட்டும் எழுதுவார்கள், யார் நம்பரும் யாருக்கும் தெரியாது. படம் கூடாது, தமிழ் எழுத்தில் ஒரு வரி, அதையே பேசியும் ஒரு தடவை. மெயில் தபால்கார ஐயா சொன்ன மாதிரி மனுக்களுக்கு மட்டும், தலைப்பில் தேதி போட்டு. ஜூம் தள்ளுபடி. அமெரிக்காக்காரருக்கு வருத்தம்.

ராத்திரிக்குத்தான் அதிக நேரம் பேசினோம். தெருவுக்கு இரண்டு பேர், ஆண் ஒருவர் பெண் ஒருவர். தண்ணீர் என்றால் அவர்கள் செய்தி அனுப்பக்கூடாது, முதலில் கால் செய்ய வேண்டும், எடுக்காத வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் ஏழு தெருவுக்குப் பதினான்கு பேர் கிடைப்பார்களா என்று பயந்தேன், பதினாறு பேர் வந்தார்கள். காது கேட்காதவர் இருக்கும் வீடு எங்களிடமும் ஒன்று இருப்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த வீட்டுக்குப் பின்பக்கச் சாவி ஒன்று பக்கத்து வீட்டில் இருக்கும்.

போன் இல்லாத பெரியவர்களுக்காக டீக்கடை ஓரத்தில் ஒரு கரும்பலகையும் வைத்தோம். முக்கியமான செய்தி மட்டும் எழுத வேண்டும் என்று மேலே பெயின்ட்டில் எழுதியே வைத்திருக்கிறோம்.

இன்று காலை பால் வாங்கப் போனபோது பார்த்தேன். பலகை முழுக்கக் கலர் சாக்பீஸில் ஒரு ரோஜாப்பூ, அதற்குக் கீழே "இனிய காலை வணக்கம்". கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியும். எங்கள் தலைவர்.